ஃபைபர் பாடி கிட் உப்புக்காற்றில் தாங்குமா? வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுபவரை வைத்து மாட்டலாமா?

கீழக்கரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் 2002 மாடல் ஹோண்டா சிட்டி ஓடாமல் நிற்கிறது. லம்போர்கினி கல்லார்டோ என்ற ஸ்போர்ட்ஸ் கார் வடிவ ஃபைபர் பாடி கிட் (காரின் வெளித்தோற்றத்தை மாற்றும் ஃபைபர் பலகைத் தொகுப்பு) ஒன்றை வடக்கேயிருந்து பார்சலில் வரவழைத்து, மண்டபம் பக்கம் வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டும் ஆட்களை வைத்தே மாட்டிவிடலாமா, ஃபைபர் துருப்பிடிக்காது என்பதால் நம் கடற்கரைக்கு அதுதானே நல்லது என்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: துருப்பிடிக்காத தோலைப் போர்த்தினால் உள்ளே இருக்கும் வண்டி தப்பிக்குமா? தப்பிக்காது. ஃபைபர் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதைத் தாங்கும் தகடு, போல்ட், கீல், தரை எல்லாம் இரும்பு. மேலே மூடிவிட்டால் துரு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அதனால் இந்தப் பதிலில் ஃபைபரைவிட அது தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் அளவு. கிட் விற்பவர் அனுப்பும் படத்தைப் பார்க்காதீர்கள், மூன்று எண்ணைப் பாருங்கள். உங்கள் சிட்டியின் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 2400 மில்லிமீட்டர், கல்லார்டோவுக்கு 2560. சிட்டியின் அகலம் 1690, கல்லார்டோ 1900. உயரம் சிட்டி ஏறக்குறைய 1395, கல்லார்டோ 1165. நீளத்தில் 160, அகலத்தில் 210, உயரத்தில் 230 மில்லி வித்தியாசம். இதைச் சரிக்கட்ட மூன்று வழிதான். ஒன்று, தரையை வெட்டி நீட்டி, கூரைத் தூண்களை வெட்டி இறக்குவது. சிட்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். கூரைத் தூணை வெட்டினால் வண்டியின் முதுகெலும்பை வெட்டியதாகத்தான் அர்த்தம். இரண்டு, கிட்டையே சிட்டி அளவுக்குக் குறுக்கி அச்செடுப்பது. அப்படிச் செய்த கிட்டில் கதவும் கூரையும் தூக்கலாகத் தெரியும், படத்தில் மறைத்துவிடுவார்கள். மூன்று, சக்கரத்துக்கும் அது மாட்டும் இடத்துக்கும் நடுவே தடித்த ஸ்பேசர் வளையம் போட்டுப் பக்கத்துக்கு 105 மில்லி வெளியே தள்ளுவது. இது வேண்டவே வேண்டாம். வீல் பேரிங்கின் மேல் நெம்புகோல் போட்டு அழுத்துவது போலத்தான் அது.

எஞ்சின் விஷயமும் உண்டு. கல்லார்டோவுக்கு எஞ்சின் டிரைவருக்குப் பின்னால்; மூக்கு தாழ்ந்திருக்க அதுதான் காரணம். சிட்டிக்கு முன்னால் நிற்கிறது. எஞ்சின் தலைக்குக் கீழே பானெட்டை இறக்க முடியாது. வெளிநாட்டில் ரெப்ளிகா, அதாவது நகல் கார், கட்டுபவர்கள் 1984 முதல் 1988 வரை வந்த பாண்டியாக் ஃபியரோ என்ற அமெரிக்கக் காரைத் தேடிப் பிடித்தது இதற்காகத்தான். நடு எஞ்சின், உள்ளே தனி இரும்புக் கூடு, வெளியே கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தகடுகள். பழைய பீட்டிலில் போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் வடிவம் உட்கார்வதும் அப்படித்தான். எஞ்சின் இரண்டிலும் பின்னால்தான். ஆனாலும் பீட்டிலின் சக்கர மைய இடைவெளி 2400ஐ 2100க்குக் கொண்டுவரத் தரையை வெட்டிக் குறுக்குகிறார்கள். அடிவண்டிக்குப் பொருந்தும் வடிவத்தைத் தேடுவதுதான் இந்த வேலையில் பாதி. உங்கள் சிட்டிக்கு நான் பரிந்துரைப்பது கூரை, தூண், கதவு, கண்ணாடி நான்கையும் தொடாத கிட்: முன் பம்பர், பின் பம்பர், இரண்டு பக்கப் பாவாடை (கதவுக்குக் கீழே ஓடும் பலகை), ஃபெண்டர், பானெட். கல்லார்டோ ஆகாது. ஆனால் கதவு ஒழுங்காகச் சாத்தும், மழையில் ஒழுகாது. முழு வடிவம்தான் வேண்டும் என்றால் முன்கண்ணாடி எங்கிருந்து வரும் என்பதை விற்பவரிடம் முதலில் கேளுங்கள். லாமினேட்டட் கண்ணாடிதான் வேண்டும், அக்ரிலிக் ஷீட்டை ஏற்காதீர்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. முழு உருமாற்றம் இதில் சிக்கும் என்பதில் சந்தேகமில்லை. பம்பர், பாவாடை அளவிலான மாற்றத்தை உங்கள் ஆர்.டி.ஓ. எப்படிப் பார்ப்பார் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறலாம். ராமநாதபுரம் அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

இனி கிட்டைச் சோதிப்பது. பார்சல் வந்ததும் வெளிப்பக்கப் பளபளப்பைப் பார்க்காமல் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல வேலையில் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) முழுக்க ரெசின் என்ற பிசினில் ஊறி, கீழுள்ளது மங்கலாகத் தெரியும். வெள்ளை வெள்ளையாக நார் தெரிந்தால் ரெசின் பற்றவில்லை. ரெசின் குளம்போலத் தேங்கி மின்னினால் அந்த இடம் தட்டினால் விரிசல் விடும். ஒரு ரூபாய் நாணயத்தால் கையகல இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே ‘டக் டக்’ வர வேண்டும். ‘பொத்’ என்று சத்தம் மாறும் இடத்தில் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சுக்கும் மேட்டுக்கும் நடுவில் காற்று இருக்கிறது, வெயிலில் அது கொப்புளமாகும். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து உள்பக்கம் அரை நிமிடம் தேயுங்கள். பிசுபிசுத்தால் ரெசின் முழுதாக இறுகவில்லை. கடைசியாகத் தராசு. வெளிப்பலகைக்கு 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் இரண்டு அடுக்கும் 300 ஒரு அடுக்கும் போட்டால் சுமார் 3 மில்லி தடிமன் வரும். 1.3 சதுர மீட்டர் பானெட்டுக்குக் கண்ணாடி நார் 1.6 கிலோ, ரெசின் அதைப் போல இரண்டேகால் மடங்கு, அதாவது 3.6 கிலோ, ஜெல்கோட் 700 கிராம். மொத்தம் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, உள் விலா சேர்த்தால் ஏழு எட்டு. மூன்றரை கிலோதான் நிற்கிறது என்றால் ஒரு அடுக்கைத் தின்றுவிட்டார்கள். பன்னிரண்டு கிலோ என்றால் ரெசினை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். கனமாக இருப்பது பலம் என்று நினைக்க வேண்டாம்.

வள்ளத்துக்கு ஒட்டுபவர்களை வைத்துச் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் ரோலர் பிடிக்கத் தெரிந்த கைகள் நிறைய, மேட்டில் காற்றை வெளியேற்றும் பழக்கம் அவர்களுக்கு விரலிலேயே இருக்கிறது. ஆனால் மூன்று விஷயத்தில் அவர்கள் பழக்கத்தை மாற்றச் சொல்ல வேண்டும். வள்ளத்துக்கு ரோவிங் போடுவார்கள், பாய் போல நெய்த தடித்த நார். அது பலம்தான், ஆனால் பெயின்ட் அடித்து இரண்டு மாதம் வெயிலில் நின்றால் பாய்ப்பின்னல் மேலே தெரியும். கார்ப் பலகைக்கு ஜெல்கோட்டுக்கு அடுத்தாற்போல் மெல்லிய சர்ஃபேஸ் டிஷ்யூ (காகிதம் போன்ற நார்த்தாள்), பிறகு மேட் மட்டும். இரண்டாவது, ரெசின். சாதாரண ஆர்த்தோ ரெசினைவிட ஐசோ ரெசின் உப்பையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். மூன்றாவது, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர். நம் ஊர் உச்சி வெயிலில் ரெசின் வாளியிலேயே கெட்டியாகிவிடுகிறது என்று ஹார்டனரை அரை சதவீதத்துக்குக் குறைத்துவிடுகிறார்கள். அது தவறு. கிலோவுக்கு 10 மில்லிக்குக் கீழே போனால் இறுகியது போலத் தெரியும், உள்ளே வேகாது. ஹார்டனரை 10 முதல் 15 மில்லியில் வைத்துக்கொண்டு, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைக் குறையுங்கள், அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலக்குங்கள், விடிந்து பனி உலர்ந்ததும் ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடியுங்கள். கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேருக்கு நேர் சேர்க்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பிறகே ஹார்டனர். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். தெறித்துவிட்டால் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்கு.

மேட்டை மண் தரையில் சாய்த்து வைக்காதீர்கள். கடல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒட்டும்போது பால் போல வெளுத்த திட்டு விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். அதற்குப் பிறகு கச்சான் எனும் மேல்காற்று மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு வரும். கொட்டகைக்குப் படுதா கட்டினாலும் ஈரப் பெயின்ட்டில் மணல் உட்காரும்.

மாட்டுவதற்கு முன் பலகைகளை வேகவைக்க வேண்டும். புது ஃபைபர் வாரக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும். இறுகும்போது சுருங்கும், வளையும். அதனால் வந்த நாளே துளை போடாதீர்கள். பலகையை அதன் வடிவத்துக்கு ஏற்ற மரக்கட்டை மேல் தளர்வாகக் கட்டி, கறுப்புப் படுதா போட்டு மூடி, ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். நம் வெயிலில் கறுப்புப் பரப்பு 60 டிகிரிக்கு மேலே சுலபமாகப் போகும். அடுப்பு இல்லாமலே அடுப்பு. சுவரில் சாய்த்து வைத்தால் அந்தச் சாய்வே நிரந்தரமாகிவிடும்.

அந்த ஒரு வாரத்தில் அடிவண்டியைப் பாருங்கள். பக்கப் பாவாடை மூடப்போகும் சில் பகுதியும் (கதவுக்கடியில் நீளவாட்டில் ஓடும் இரும்புப் பெட்டி) சக்கர வளைவின் உட்புறமும்தான் கடற்கரை வண்டிகளில் முதலில் போகும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள்; உள்ளே போனால் பட்டி வைத்து மூடாதீர்கள், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்ட் செய்ய வேண்டும். பிறகு ஜிங்க் பிரைமர், உள்குழிகளுக்குக் குழாய் விட்டு மெழுகு ஸ்ப்ரே. தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல், பாவாடையிலும் அதே இடத்துக்கு நேராக 8 மில்லி துளை விடுங்கள். உங்கள் சில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் முழுதாகப் போயிருந்தால் இந்த வண்டிக்குக் கிட் போடுவதே வீண். அந்தக் காசில் வேறு அடிவண்டி பார்ப்பது மேல்.

பொருத்தும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் தன் முழு எடையோடு சமதளத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு அளந்தால் எல்லாம் பொய்யாகும். தூக்குக்குண்டு கட்டி முன்னும் பின்னும் நடுக்கோட்டைத் தரையில் சுண்ணாம்பால் போடுங்கள். கதவு அசையாது, அதனால் அதுதான் அளவுகோல். கதவிலிருந்து பின்னோக்கி ஒரு முறை, பிறகு முன்னோக்கி ஃபெண்டர், கடைசியில்தான் பானெட். பானெட்டை முதலில் வைத்துவிட்டு ஃபெண்டரை அதற்கு இழுத்தால், கதவோரம் ஒரு பக்கம் 2 மில்லி, மறுபக்கம் 9 மில்லி என்று வாய் பிளக்கும். 4 மில்லி பிளைவுட் துண்டுகளை இடைவெளியில் செருகி, டேப்பாலும் சிறு ஸ்க்ரூவாலும் தற்காலிகமாகப் பிடித்து, ஒரு நாள் அப்படியே விடுங்கள். உச்சி வெயிலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை இடைவெளியைப் பாருங்கள். சூட்டில் ஃபைபர் இரும்பைவிட இரு மடங்குக்கு மேல் நீளும்; 1.8 மீட்டர் பாவாடையில் 40 டிகிரி ஏறி இறங்கினால் இரண்டுக்கும் நடுவே சுமார் 1 மில்லி இழுபறி. அந்த 1 மில்லிக்கு இடம் விடாததால்தான் போல்ட்டைச் சுற்றிச் சிலந்தி வலை போல விரிசல் வருகிறது.

இடம் விடுவது எப்படி என்றால், நடுவில் ஒரே ஒரு துளை மட்டும் இறுக்கமாக, மற்றதெல்லாம் நீளவாட்டில் நீள்துளை. 6 மில்லி போல்ட்டுக்கு 8 மில்லி அகலம். விளிம்பிலிருந்து துளை குறைந்தது 20 மில்லி உள்ளே. துளையிடும் இடத்தில் டேப் ஒட்டி, ஜெல்கோட் பக்கமிருந்து கூர்மையான பிட்டால் மெதுவாக. உள்பக்கமிருந்து குத்தினால் ஜெல்கோட் சில்லாகப் பெயரும். போல்ட்டின் தலைக்கடியில் ரப்பரோ நைலானோ, அதன் மேல் 25 மில்லி அகல வாஷர், நைலாக் நட். துளைக்குள் ஃபைபரைவிடச் சற்றே உயரமான சிறு குழாய் புஷ் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஃபைபர் நசுங்காது. எந்த லேத் பட்டறையிலும் பத்து நிமிட வேலை. போல்ட் 316 ஸ்டெயின்லெஸ், அதாவது உப்பைக் கூடுதலாகத் தாங்கும் ரகம். கடையில் ஸ்டெயின்லெஸ் என்று கொடுப்பது பெரும்பாலும் 304. நம் காற்றில் அது பழுப்புக் கண்ணீர் வடிக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டன. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸும் சாதா இரும்பும் நேரடியாகத் தொட்டால், உப்பு ஈரத்தில் இரும்பு வேகமாக அரிபடும். சந்திப்பில் நைலான் வாஷரும் கிரீஸும் கட்டாயம். கீலுக்காக ஃபைபருக்குள் புதைக்கும் தகடும் 316 ஆகவே இருக்கட்டும். சாதா இரும்பு உள்ளே துருத்து ஊதி ஃபைபரைப் பிளந்துவிடும். தகட்டில் ஏழெட்டுத் துளை போட்டுப் புதைத்தால் ரெசின் ஊடுருவிப் பிடிக்கும்.

பசை வைக்கும் இடத்தில் பாலியூரித்தேன் பசை, 3 மில்லி தடிமன் நிற்கும்படி சிறு ரப்பர் துண்டு வைத்து. மெல்லியதாக நசுக்கினால் அசைவைத் தாங்காது. ஒட்டும் ஃபைபர் பரப்பை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து அசிட்டோனால் துடையுங்கள். இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. கடற்கரை ஈரத்தில் டப்பாவில் போட்ட நேரத்தைவிடச் சீக்கிரம் தோல் கட்டும், ஆகவே எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துவிட்டு டியூபைத் திறங்கள். பம்பரின் உள்ளே இருக்கும் இரும்பு உத்தரத்தை இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றாதீர்கள்; மோதலில் உங்களைக் காப்பது அதுதான். பானெட்டுக்கு ஒரு லாக் போதாது, இரண்டு. சைலன்சர் குழாய்க்கும் ஃபைபருக்கும் குறைந்தது 75 மில்லி இடைவெளியும் நடுவே அலுமினியத் தகடும் வேண்டும்.

பலரும் மறப்பது எர்த். இரும்பு பாடியில் விளக்கின் எர்த் தகடு வழியாகவே போய்விடும். ஃபைபரில் கரண்ட் போகாது. மாட்டி முடித்ததும் இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மினுக்கும், மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்வார். ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுத்து சேசிஸில் கட்டுங்கள், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயராக. பெட்ரோல் ஊற்றும் குழாய் வாயை ஃபைபரில் பொருத்தினால் அதற்கும் எர்த் உண்டு. தீப்பிடிக்க அங்கே ஒரு பொறி போதும்.

பெயின்ட்டில் ஒன்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றது எந்தப் பெயின்டருக்கும் தெரியும். அச்சிலிருந்து வந்த மெழுகைத் துடைத்த பிறகே உப்புத்தாள். முதலில் தேய்த்தால் மெழுகை உள்ளே ஏற்றிவிடுவீர்கள், பெயின்ட் மீன் கண் போலக் குழி விழும். வாட்டர் பேப்பர் போடும்போது போர்த் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். நம் பக்கம் பல இடங்களில் அது உப்பு. காய்ந்ததும் பரப்பில் உப்பு நிற்கும், அதன் மேல் பெயின்ட் போட்டால் அந்த உப்பு ஈரத்தை இழுத்து ஆறு மாதத்தில் கடுகு கடுகாகக் கொப்புளம் கிளம்பும். ஃபைபர் சரியில்லை என்று பழி அதன்மேல் விழும். கேன் தண்ணீர் இரண்டு வாங்குங்கள், கடைசிக் கழுவல் அதில்தான். டூ-கே பிரைமர் (ஹார்டனர் கலந்து அடிப்பது), 400 நம்பரில் சமன், பிறகு பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட். கறுப்போ அடர் சிவப்போ ஆசைப்படாதீர்கள். சூடு ஏற ஏற மேட்டின் வரி மேலே தெரியும். 1953இல் ஃபைபர் பாடியோடு வந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் முதல் 300 வண்டியும் வெள்ளைதான். அவர்கள் காரணம் வேறாக இருக்கலாம், நமக்கு வெயில் ஒன்றே போதும்.

முடிந்த பிறகு முதல் மாதம் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை கையால் சோதியுங்கள், ரப்பர் படிந்து தளர்ந்திருக்கும். தனுஷ்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே அடிப்பக்கமும் சக்கர வளைவும் நல்ல தண்ணீரில் கழுவி, பாவாடைத் துளையில் மணல் அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பி விட்டுப் பாருங்கள்.